என்ஜினைக் குறுக்கே போட்ட மனுஷன்! - குட்டிக் கார் மேதை இஸிகோனிஸ் கதை

அண்ணா சாலை ஓரமாக நிற்கிற ஏதாவது ஒரு சின்னக் காரின் பானட்டைத் தூக்கிப் பாருங்கள். அநேகமாக, என்ஜின் நெடுக இருக்காது. இந்தப் பக்கச் சக்கரத்துக்கும் அந்தப் பக்கச் சக்கரத்துக்கும் நடுவே குறுக்கே படுத்துக் கிடக்கும்.

பழைய அம்பாசிடர், பழைய பத்மினி இரண்டிலும் அப்படி இல்லை. என்ஜின் நெடுக நிற்கும். அதிலிருந்து ஒரு நீளத் தண்டு காரின் அடிவயிற்றில் ஓடிப் பின்சக்கரங்களைச் சுற்றும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. என்ஜின் குறுக்கே இருந்தது. முன்சக்கரமே காரை இழுத்தது. குடும்பம் பூராவும் ஏறி உட்கார்ந்த பிறகும் கார் சின்னதாகவே இருந்தது. இந்த வித்தையை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியவர் ஒருவர் உண்டு.

குறுக்குப் புத்தி என்று ஊரிலே திட்டுவோம். அந்தக் குறுக்குப் புத்தியே இவருக்குச் சர் பட்டம் வாங்கிக் கொடுத்தது!

பெயர் அலெக் இஸிகோனிஸ். மோரிஸ் மைனர், மினி ஆகிய இரண்டு கார்களின் கர்த்தா. ஐம்பது லட்சம் கார்களுக்கு மேல் ஓட வைத்த மனுஷனுக்கு ஒரே ஒரு குறை. தன் குட்டிக் காருக்கென்று தானே நினைத்துச் செய்த ஒரு புது என்ஜின் வேண்டும் என்று ஆசைப்பட்டார். அது கடைசி வரை தெருவுக்கு வரவில்லை. இரவல் என்ஜினை வைத்தே வாழ்நாளை ஓட்டினார்.

எரிந்த ஊர்

1906 நவம்பர் 18-ந்தேதி ஸ்மிர்னாவில் பிறந்தார். இப்போது துருக்கியில் இஸ்மிர் என்று இருக்கிறதே, அந்தத் துறைமுக ஊர்தான். அப்பா கிரேக்க வம்சம். ஆனால் பிரிட்டிஷ் பிரஜை. கப்பல் என்ஜின் பட்டறை வைத்திருந்தார். அம்மா ஹுல்டா ஜெர்மன் வம்சம்.

பையன் வளர்ந்ததே பட்டறைச் சத்தத்தில்தான். வசதியான குடும்பம். குறைச்சல் ஒன்றும் இல்லை.

1922 செப்டம்பரில் எல்லாம் தலைகீழானது. கிரேக்கர்களுக்கும் துருக்கியர்களுக்கும் நடந்த சண்டையின் முடிவில் துருக்கிப் படை ஊருக்குள் நுழைந்தது. சில நாளில் ஊர் பற்றி எரிந்தது. ஜனங்கள் கடற்கரையில் வந்து விழுந்தார்கள்.

பிரிட்டிஷ் பிரஜைகளை ஏற்றிக்கொள்ளக் கப்பல் வந்தது. இஸிகோனிஸ் குடும்பமும் ஏறியது. பட்டறை போச்சு. வீடு போச்சு. சொத்து பத்து எல்லாம் போச்சு. மால்டா தீவில் கொண்டுபோய் இறக்கினார்கள். அப்பா அங்கேயே கண்ணை மூடினார்.

அம்மாவும் பிள்ளையும் லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். அப்போது பையனுக்கு வயது 16. அன்றிலிருந்து அம்மாவை விட்டு அவர் பிரியவே இல்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. 1972-ல் அம்மா இறக்கும்வரை இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

கணக்கில் மூன்று தடவை பெயில்!

லண்டனில் பேட்டர்சீ பாலிடெக்னிக்கில் என்ஜினீயரிங் படித்தார். படம் போடுவதில் சூரர். கணக்கு மட்டும் வரவில்லை. மூன்று தடவை பெயில்!

கணக்கு வராதவன் என்ஜினீயராக முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு இவர் ஒரு பதில். கணக்குப் போடுகிற வேலையைப் பக்கத்தில் இருப்பவர்களிடம் விட்டுவிடுவார். இவர் பென்சிலை எடுத்து ஒரே இழுப்பில் காரின் எந்தப் பாகத்தையும் வரைந்து தள்ளுவார். கையில் கிடைத்த துண்டுத்தாள் போதும். அந்தப் படத்தைப் பார்த்தே ஆட்கள் பாகத்தைச் செய்துவிடலாம்.

படிப்பு முடிந்ததும் சின்ன உத்தியோகங்கள். 1934-ல் ஹம்பர் கார் கம்பெனியில் வரைபட வேலை. 1936-ல் மோரிஸ் கம்பெனிக்கு மாறினார். ஆக்ஸ்போர்டு பக்கத்தில் கௌலி என்ற இடத்தில் அதன் பெரிய தொழிற்சாலை.

ஓய்வு நேரத்தில் ஜார்ஜ் டௌசன் என்ற நண்பரோடு சேர்ந்து ஒரு பந்தயக் கார் கட்டினார். பணம் கிடையாது. ஆஸ்டின் செவன் என்ற சின்னக் காரின் என்ஜினையே அதில் வைத்தார். அதன் ஸ்பிரிங்குக்கு ரப்பரைப் போட்டுப் பார்த்தார். வருஷக்கணக்கில் கையாலேயே அடித்து, ராவி, ஒட்டிச் செய்த கார் அது. கனம் இல்லாத வண்டிக்குப் பெரிய என்ஜின் தேவையில்லை என்ற பாடம் அப்போதே அவர் மண்டையில் ஏறிவிட்டது.

முதல் ஏமாற்றம்

இரண்டாம் உலகப்போர் நடக்கும்போதே, போர் முடிந்ததும் விற்க ஒரு சின்னக் கார் வேண்டும் என்று மோரிஸ் கம்பெனி முடிவு செய்தது. மைல்ஸ் தாமஸ் என்ற மேலதிகாரி அந்த வேலையை இஸிகோனிஸிடம் விட்டார். கொசு என்பது அதற்கு வைத்த ரகசியப் பெயர்.

இஸிகோனிஸ் அதற்கென்று ஒரு புது என்ஜின் கேட்டார். நான்கு சிலிண்டர். இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம் எதிரெதிராகப் படுத்திருக்கும் மட்ட என்ஜின். உயரம் குறைவு, நீளமும் குறைவு. காரின் மூக்கிலேயே வைத்துவிடலாம். உட்காருகிற இடம் தாராளமாகக் கிடைக்கும்.

அதிலே இரண்டு அளவு. உள்ளூருக்கு 800 சி.சி., வெளிநாட்டுக்கு 1,100 சி.சி. (சி.சி. என்பது சிலிண்டர்களின் கொள்ளளவு. அது கூடினால் வலு கூடும். பெட்ரோல் செலவும் கூடும்.) இரண்டு அளவு ஏன்? அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் சிலிண்டரின் குறுக்களவைப் பார்த்து வரி போட்டார்கள். அதனால் உள்ளூர்க்காரர்கள் சின்ன என்ஜினையே தேடினார்கள்.

மட்ட என்ஜினைச் செய்தும் பார்த்தார்கள். ஆனால் செலவு இழுத்தது. சில்லறைக் கோளாறுகளும் வந்தன. அதற்குள் வரி முறையும் மாறி, 1948-ல் எந்தக் காருக்கும் ஒரே வரி என்று ஆனது. 1947-ல் மைல்ஸ் தாமஸுக்கும் முதலாளி நஃபீல்டு பிரபுவுக்கும் ஒத்துப்போகாமல் தாமஸ் வெளியேறினார். அதோடு புது என்ஜினுக்கு மங்களம் பாடிவிட்டார்கள்.

கிடைத்தது என்ன? போருக்கு முந்தைய மோரிஸ் எய்ட் காரின் 918 சி.சி. என்ஜின். பக்கவாட்டில் வால்வு இருக்கும் பழைய ரகம். மணிக்கு 60 மைல் தொடுவதற்குள் மூச்சு வாங்கும். மட்ட என்ஜினுக்காக அகலமாகச் செய்த பானட்டுக்குள் இந்த ஒல்லி என்ஜின் போய் உட்கார்ந்தது.

நடுவே ஒரு வெட்டு!

கார் தயாராகிற நேரத்தில் இஸிகோனிஸுக்கு ஒரு சந்தேகம். பார்க்க ஒடுங்கலாக இருக்கிறதே? ராத்திரியோடு ராத்திரியாக மாதிரிக் காரை நடுவில் இரண்டாக அறுக்கச் சொன்னார்! இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குல இடைவெளி வந்ததும், சரி, இதுதான் அளவு என்று நிறுத்தினார்.

பம்பர் எல்லாம் பழைய அளவில் செய்து குவித்திருந்தார்கள். என்ன செய்வது? அவற்றையும் நடுவே வெட்டி ஒட்டுப்போட்டார்கள். முதல் முதலில் வந்த மைனர் கார்களில் அந்த ஒட்டு தெரியும்.

1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மோரிஸ் மைனர் அரங்கேறியது. முதலாளி நஃபீல்டு பிரபுவுக்கு அதன் முகமே பிடிக்கவில்லை. ஓடில்லாமல் வேகவைத்த முட்டையோடு ஒப்பிட்டு எரிந்து விழுந்தார். ஜனங்களுக்கோ ரொம்பப் பிடித்துவிட்டது. வளைவில் திரும்பும்போது சாயாமல் ஒட்டிக்கொண்டு போகிற கார் அந்த விலையில் அதுவரை கிடையாது.

1952-ல் மோரிசும் ஆஸ்டினும் ஒரே கம்பெனியாகின. பி.எம்.சி. என்று பெயர். ஆஸ்டினிடம் ஏ-சீரிஸ் என்ற சின்ன என்ஜின் இருந்தது. 1951-ல் வந்தது. 803 சி.சி. வால்வு மேலே இருக்கும் புது ரகம். அதைத் தூக்கி மைனரில் போட்டார்கள். 1956-ல் அதே என்ஜின் 948 சி.சி. ஆனது. 1962-ல் 1,098 சி.சி. கார் ஒன்றுதான், என்ஜின் மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

பிரிட்டனில் பத்து லட்சம் விற்ற முதல் கார் மோரிஸ் மைனர்தான். நம் நாட்டிலும் பேபி ஹிந்துஸ்தான் என்ற பெயரில் வந்தது. யாழ்ப்பாணத்தில் மோரிஸ் மைனரைத் தெரியாதவர் கிடையாது.

பெட்ரோல் பஞ்சம்

கம்பெனிகள் இணைந்தது இஸிகோனிஸுக்குப் பிடிக்கவில்லை. 1952-ல் ஆல்விஸ் என்ற சின்னக் கம்பெனிக்குப் போய்விட்டார். அங்கே எட்டு சிலிண்டரில் ஒரு பெரிய கார் போட்டார். பணம் இல்லை என்று அதையும் கைவிட்டார்கள். 1955 கடைசியில் பி.எம்.சி. தலைவர் சர் லெனார்டு லார்டு அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்.

1956 ஜூலையில் எகிப்து ஜனாதிபதி நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடமையாக்கினார். பிரிட்டனும் பிரான்சும் படையெடுத்தன. கால்வாய் அடைபட்டது. எண்ணெய்க் கப்பல் வரவில்லை. டிசம்பரில் இங்கிலாந்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்துவிட்டது!

பெரிய கார்க்காரர்கள் திண்டாடினார்கள். மூட்டை மூட்டையாய்ப் பணம் இருந்தாலும் பெட்ரோல் கிடைக்காது. அந்த நேரம் பார்த்து ஜெர்மனியிலிருந்து முட்டை வடிவத்தில் குட்டி வண்டிகள் வந்திறங்கின. சிலதுக்கு மூன்றே சக்கரம். மோட்டார் சைக்கிள் என்ஜின். ஜனங்கள் போட்டி போட்டு வாங்கினார்கள்.

அதைப் பார்க்கப் பார்க்க லார்டுக்கு வயிறு எரிந்தது. அந்த வண்டிகளைத் தெருவிலிருந்தே விரட்ட வேண்டும், அதற்கு ஒரு ஒழுங்கான குட்டிக் கார் வேண்டும் என்று 1957 மார்ச்சில் இஸிகோனிஸுக்கு உத்தரவு போட்டார்.

ஒரே ஒரு நிபந்தனை. புது என்ஜின் கிடையாது. கம்பெனியில் ஏற்கனவே தயாராகிற என்ஜின் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதாவது, மறுபடியும் இரவல்!

என்ஜினை எங்கே வைப்பது?

குட்டிக் கார் செய்கிறவனுக்கு ஆள் பிரச்சினை இல்லை. என்ஜின்தான் பிரச்சினை. அதை எங்கே வைப்பது?

அப்போது உலகத்தில் நாலு விதமாகச் செய்துகொண்டிருந்தார்கள். ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகனில் நான்கு சிலிண்டர் என்ஜின் பின்னால் இருந்தது. காற்றாலேயே ஆறும். தண்ணீர் வேண்டாம். ஆனால் பின்பக்கம் கனம். சாமான் வைக்க முன்னால் கொஞ்சம் இடம்.

இத்தாலியின் ஃபியட் 600 காரிலும் என்ஜின் பின்னால்தான். 633 சி.சி., தண்ணீரில் ஆறும். 1957-ல் வந்த ஃபியட் 500 இன்னும் குட்டி. இரண்டே சிலிண்டர், 479 சி.சி. பெட்ரோல் மிச்சம். ஆனால் மேட்டில் ஏறத் தடுமாறும்.

பிரான்சின் சிட்ரோயன் 2சிவி காரில் இரண்டு சிலிண்டர் என்ஜின் முன்னால். முன்சக்கரமே இழுக்கும். முதலில் அது வெறும் 375 சி.சி. வயற்காட்டிலும் ஓடும், வேகம் மட்டும் கேட்கக் கூடாது.

என்ஜினை முன்னால் நெடுக வைத்துப் பின்சக்கரத்தைச் சுற்றுவது நாலாவது வழி. மைனர் அப்படித்தான். அதில் பானட் நீளும். தண்டுக்காக நடுவே மேடு வரும். கால் வைக்க இடம் போகும்.

இஸிகோனிஸ் ஒரு பெட்டியை மனசில் வைத்துக்கொண்டார். நீளம் பத்து அடி. அதில் எட்டு அடிக்கு மேல் மனுஷனுக்கும் மூட்டைக்கும். மிச்சம் இரண்டடிக்குள் என்ஜின் அடங்க வேண்டும்!

முதலில் ஏ-சீரிஸ் என்ஜினில் பாதியை வெட்டிப்போட்டு இரண்டு சிலிண்டராக ஓட்டிப் பார்த்தார். கார் பூராவும் உதறியது. குலுக்கித் தள்ளுகிற காரில் குடும்பத்தோடு யார் போவார்கள்? ஏழைக்கான கார் என்பதற்காக அரைகுறைக் கார் கொடுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. நான்கு சிலிண்டரே வேண்டும் என்று முடிவு செய்தார்.

குறுக்கே திருப்பு!

நான்கு சிலிண்டர் நெடுக அடங்காது. சரி, குறுக்கே திருப்பினார். என்ஜின் அடங்கியது. கியர் பெட்டி அடங்கவில்லை. என்ஜினின் வாலில் ஒட்ட வேண்டிய பெட்டி அது. ஒட்டினால் சக்கரம் இடிக்கும்.

இங்கேதான் அவர் மூளை வேலை செய்தது. கியர் பெட்டியை என்ஜினுக்கு அடியில், எண்ணெய் நிற்கும் தொட்டிக்குள்ளேயே தள்ளிவிட்டார். என்ஜினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய்! ரேடியேட்டரைக் கொண்டுபோய்ப் பக்கத்தில், சக்கரத்தின் ஓரமாகச் சொருகினார். டன்லப் கம்பெனியைப் பிடித்து பத்து அங்குலச் சக்கரத்துக்கு டயர் செய்ய வைத்தார். அலெக்ஸ் மௌல்டன் என்ற நண்பர் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் கூம்பு செய்து கொடுத்தார்.

குறுக்கு என்ஜினும் முன்சக்கர இழுப்பும் அதற்கு முன்னால் இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் டி.கே.டபிள்யூ. 1931-லேயே செய்தது. சுவீடனில் சாப் கம்பெனியும் செய்தது. ஆனால் அவை இரண்டு சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், புகை கக்கும் என்ஜின்கள். முழு நான்கு சிலிண்டர் என்ஜினைப் பத்தடிக் காரில் குறுக்கே அடக்கி லட்சக்கணக்கில் விற்றது இவர்தான்.

வேகம் ஜாஸ்தி!

மாதிரிக் காரில் 948 சி.சி. என்ஜினை வைத்தார்கள். காரின் கனமோ சுமார் 600 கிலோதான். பாய்ந்துவிட்டது! மணிக்கு 90 மைலைத் தாண்டி, அதாவது 145 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. பாமர ஜனங்கள் கையில் கொடுக்கிற குட்டிக் காருக்கு அந்த வேகம் ஆபத்து.

கார்புரேட்டரில் வேறு பனிக்கட்டி பிடித்தது. முன்பக்கம் குளிர்காற்றில் இருந்ததால் வந்த வினை. இரண்டையும் சேர்த்தே சரி செய்தார்கள். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தைக் குறைத்து என்ஜினை 848 சி.சி. ஆக்கினார்கள். வலு 34 குதிரைசக்தி. வேகம் 72 மைல், நம் கணக்கில் 116 கிலோமீட்டர். என்ஜினையும் முன்பின்னாகத் திருப்பிக் கார்புரேட்டரைப் பின்பக்கம் கொண்டுபோனார்கள்.

1958 ஜூலையில் லார்டு மாதிரிக் காரை ஐந்தே நிமிஷம் தொழிற்சாலைக்குள் ஓட்டினார். இறங்கினார். ஒரு வருஷத்துக்குள் தயாரிக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்!

1959 ஆகஸ்டு 26-ந்தேதி கார் வெளியானது. ஆஸ்டின் செவன் என்றும், மோரிஸ் மினி மைனர் என்றும் இரண்டு பெயரில் ஒரே கார். வரி உள்பட விலை 497 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு.

தண்ணீர் புகுந்தது

அவசரத்தில் செய்த வேலை பல்லை இளித்தது. தரைத் தகட்டின் இணைப்பு தப்பாக இருந்ததால் மழை பெய்தால் காருக்குள் குளம் கட்டியது. கால் நனைந்தது, விரிப்பு நாறியது.

என்ஜினைத் திருப்பிவைத்ததால் இன்னொரு வினை. மின்பொறி பிரித்துக் கொடுக்கும் டிஸ்டிரிபியூட்டர் முன்பக்கம் கிரில்லுக்கு நேரே வந்துவிட்டது. மழைத் தண்ணீர் பட்டதும் என்ஜின் படுத்துவிடும். அதற்கு ரப்பர் கையுறை மாட்டிச் சமாளித்தவர்களும் உண்டு!

இஸிகோனிஸின் பிடிவாதமும் கொஞ்சநஞ்சமல்ல. ரேடியோவுக்கு இடம் வைக்கவில்லை. ரொம்பச் சொகுசாக உட்கார்ந்தால் டிரைவருக்குத் தூக்கம் வரும் என்று நினைத்தார். கதவைத் திறக்க ஒரு கயிறு. கண்ணாடி மேலே கீழே போகாது, பக்கவாட்டில் நகரும். ஆனால் சிகரெட் சாம்பல் தட்ட இடம் இருந்தது. ஏனென்றால் அவர் சிகரெட் பிரியர்!

யாருக்காகச் செய்தாரோ அந்தச் சாதாரண ஜனங்கள் முதலில் தயங்கினார்கள். பணக்காரர்கள்தான் முந்திக்கொண்டு வாங்கினார்கள். இளவரசி மார்கரெட்டின் கணவர் ஸ்னோடன் பிரபு இவருக்கு நண்பர். அவர் மினியில் போனார். பீட்டில்ஸ் பாட்டுக்காரர்கள் நாலு பேரும் மினி வாங்கினார்கள். அப்புறம் கேட்கணுமா? 1965-ல் பத்து லட்சம் தாண்டியது.

சின்ன என்ஜின், பெரிய வெற்றி

ஜான் கூப்பர் என்று ஒரு பந்தயக் கார் முதலாளி. 1959, 1960 இரண்டு வருஷமும் உலக கிராண்ட் பிரீ பட்டத்தை வென்ற கம்பெனி அவருடையது. மினியை ஓட்டிப் பார்த்துவிட்டு இதிலே பந்தயம் ஓடலாம் என்றார்.

இஸிகோனிஸ் ஒப்பவில்லை. சாமானியனின் காருக்குப் பந்தயம் எதற்கு என்பது அவர் எண்ணம். மேலிடம் கூப்பர் பக்கம் சாய்ந்தது. 1961-ல் 997 சி.சி., 55 குதிரைசக்தியோடு மினி கூப்பர் வந்தது. 1963-ல் 1,071 சி.சி., 70 குதிரைசக்தியோடு கூப்பர் எஸ் வந்தது. எல்லாம் அதே ஏ-சீரிஸ் என்ஜின்தான்!

1964 ஜனவரி. மாண்டி கார்லோ ராலி. பனிமலையில் ராவும் பகலும் ஓடும் பந்தயம். எதிரே நின்றது 4,700 சி.சி. வைத்திருந்த அமெரிக்க ஃபோர்டு ஃபால்கன். ஜெயித்தது யார்? பேடி ஹாப்கிர்க் ஓட்டிய குட்டி மினி! கனம் இல்லாத கார். என்ஜின் கனம் பூராவும் இழுக்கிற சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அதனால் பனியில் வழுக்கவில்லை.

1965-ல் மறுபடியும் மினி. 1966-ல் முதல் மூன்று இடமும் மினிக்கே! ஆனால் முன்விளக்கு விதிப்படி இல்லை என்று மூன்றையும் தள்ளிவிட்டார்கள். பரிசு சிட்ரோயனுக்குப் போனது. ஒரே ரகளை. 1967-ல் மினி திரும்பவும் வந்து ஜெயித்துக் காட்டியது.

லாபம் எங்கே?

ஜெயித்தது சரி. கல்லாப்பெட்டி நிறைந்ததா? ஃபோர்டு கம்பெனி ஒரு மினியை விலைக்கு வாங்கி, ஒவ்வொரு திருகாகக் கழற்றிக் கணக்குப் பார்த்தது. ஒரு காருக்கு பி.எம்.சி. சுமார் 30 பவுண்டு நஷ்டப்படுகிறது என்று கண்டுபிடித்தது.

இஸிகோனிஸுக்குச் செலவுக் கணக்கில் அக்கறை இல்லை. மேலே இருந்தவர்களும் விலையைக் கூட்டவில்லை. கார் ஊரெல்லாம் ஓடியது. கம்பெனி மட்டும் தள்ளாடியது.

மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? இத்தாலியில் ஃபியட்டின் தலைமை என்ஜினீயர் தாந்தே ஜியகோசா இன்னொரு வழி கண்டார். 1964-ல் வந்த ஆட்டோபியாங்கி பிரிமுலாவில் என்ஜினைக் குறுக்கே வைத்து, கியர் பெட்டியை அடியில் தள்ளாமல் என்ஜினின் பக்கத்திலேயே ஒட்டினார். தனித்தனி எண்ணெய். பழுது பார்க்கச் சுலபம். உலகம் இந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டது. மாருதி 800 வந்ததும் இந்த வழியில்தான். குறுக்கே திருப்பும் ஆசையைக் கிளப்பியவர் இஸிகோனிஸ். அதைச் சுலபமாக்கியவர் ஜியகோசா.

கடைசி ஏமாற்றம்

இது இஸிகோனிஸுக்குத் தெரியாமல் இல்லை. மினியின் குறை எது என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? 1960-களின் கடைசியில் அடுத்த மினியைப் போட்டார். 9எக்ஸ் என்று பெயர். மினியைவிட நான்கு அங்குலம் நீளம் குறைவு. உள்ளே இடம் அதிகம். பின்னால் தூக்கிவிடும் கதவு.

எல்லாவற்றுக்கும் மேலே, புது என்ஜின்! அவரே நினைத்தபடி செய்த என்ஜின். 750 சி.சி.யிலிருந்து 1,000 சி.சி. வரை. ஏ-சீரிஸைவிடக் கனம் குறைவு, அளவும் குறைவு. இருபது வருஷத்துக்கு மேல் காத்திருந்தவருக்குக் கடைசியில் சொந்த என்ஜின் கையில் வந்துவிட்டது. வண்டியும் ஓடியது.

1968-ல் பி.எம்.சி.யும் லேலண்டும் இணைந்தன. லாரி விற்பனையில் பேர்பெற்ற டொனால்டு ஸ்டோக்ஸ் தலைமைக்கு வந்தார். கம்பெனிக்கு அவசரமாக வேண்டியது லாபம் தரும் நடுத்தரக் கார். குட்டிக் காருக்குப் பணம் ஒதுக்க ஆள் இல்லை. 9எக்ஸை மூட்டை கட்டிவிட்டார்கள். இஸிகோனிஸை அதிகாரமில்லாத ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

அதே சமயம்தான், 1969-ல், ராணியின் கையால் சர் பட்டம்! கழுத்தில் மாலை, கையில் வேலை இல்லை.

1971-ல் ஓய்வு பெற்றார். அப்புறமும் ஆலோசகர் என்ற பெயரில் பர்மிங்ஹாம் எட்ஜ்பாஸ்டன் வீட்டிலிருந்தே படம் போட்டுக்கொண்டிருந்தார். கியர் பெட்டியே இல்லாத மினி செய்து பார்த்தார். தோட்டத்தில் குட்டி நீராவி ரயில் விட்டார். 1988 அக்டோபர் 2-ந்தேதி காலமானார். வயது 81.

இரவலாய்க் கொடுத்த ஏ-சீரிஸ் என்ஜினோ அவருக்குப் பிறகும் நிற்கவில்லை. 1951-ல் 803 சி.சி.யாகப் பிறந்தது, 2000 அக்டோபர் 4-ந்தேதி கடைசி மினி தொழிற்சாலையை விட்டு வரும்போதும் 1,275 சி.சி.யாக அதன் பானட்டுக்குள் குறுக்கே படுத்திருந்தது. அதுவரை செய்த மினி 53 லட்சத்துக்கு மேல்.

அவர் ஆசைப்பட்டுச் செய்த 9எக்ஸ், இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரில் உள்ள மோட்டார் மியூசியத்தின் சொத்து. விலைக்கு அதை யாரும் வாங்கினதில்லை. பெட்ரோல் போட்டுக் குடும்பத்தோடு யாரும் ஊருக்குப் போனதில்லை.